யானைக்கு நான்கு உச்சரிப்பு: தாய் மொழியும் அதன் வட்டார வழக்குகளும்

பாங்காக்கில் யானையை ‘ச்ஹாங்’ என்பார்கள். ச்-வோடு சேர்ந்து மூச்சுக்காற்றும் வெளியே வரும். சியாங் மாயில் அதே யானை ‘ச்சாங்’. அங்கே காற்று கிடையாது. நம் ‘பச்சை’யில் வரும் ச்ச-தான். வடகிழக்கே கொன் கென் போனால் ‘ஸாங்’. தெற்கே நக்கோன் சி தம்மராட்டில் மறுபடியும் ‘ச்ஹாங்’, ஆனால் குரல் ஏறி இறங்கும் விதம் வேறு. நான்கு ஊர்ப் பள்ளிகளிலும் பிள்ளைகள் இதை எழுதுவது ஒரே எழுத்தால், ஒரே தொனிக் குறியோடு.

பாங்காக் பேச்சுதான் மூலம், மற்றவை அதிலிருந்து திரிந்த கொச்சை என்ற எண்ணம் தாய்லாந்திலேயே பலருக்கு உண்டு. நடந்தது அதுவல்ல. நான்கும் ஒரே பழைய மொழியின் பிள்ளைகள். பழைய மெய்யொலிகள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக மாறின. எழுத்து மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. ஆகவே ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால், அதை எந்த ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று பெரும்பாலும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

தமிழில் எழுதும்போது முதலில் ஓர் இடறல். ‘தாய் மொழி’ என்று இடம் விட்டு எழுதினால் தாய்லாந்தின் மொழி. சேர்த்து எழுதினால் நம் அம்மாவின் மொழி. இங்கே எல்லா இடத்திலும் முன்னதுதான். மூச்சு சேர்ந்த மெய்களை க்ஹ, ச்ஹ, த்ஹ, ப்ஹ என்று குறித்திருக்கிறோம்.

வட்டாரங்களின் பெயர்களே நமக்கு அறிமுகமானவை. வடகிழக்குக்கு ‘ஈசான்’ என்று பெயர். வீடு கட்டும்போது நாம் பார்க்கும் ஈசான மூலையேதான் அது. வடமேற்கு ‘ப்ஹாயப்’, வாயு மூலை. தென்கிழக்கு ‘ஆக்ஹனே’, அக்கினி மூலை. வடக்குக்கு ‘உதொன்’, அதாவது உத்தரம். தெற்குக்கு ‘த்ஹக்ஸின்’, அதாவது தட்சிணம். முன்னாள் பிரதமர் தக்சின் சினவாட்டின் பெயருக்குத் தெற்கு என்று பொருள். அவர் பிறந்ததோ வடக்கே சியாங் மாயில்.

ஈசானின் இருபது மாகாணங்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பேசுவது லாவோ மொழியின் வழக்கு. மீகாங் ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே பேச்சுதான். எல்லைக்கோடு மட்டும் நடுவே ஓடுகிறது. 1890-களில் அந்த நிர்வாக மண்டலத்தின் பெயரிலேயே ‘லாவ்’ இருந்தது. மறுகரையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, 1900-ஐ ஒட்டி அதை ‘ஈசான்’ என்று மாற்றினார்கள். இனத்தின் பெயர் போய்த் திசையின் பெயர் வந்தது இப்படித்தான். வடக்கே பழைய லன்னா நாட்டின் பேச்சு ‘கம் முவாங்’, அதாவது ஊர்ப்பேச்சு. தோராயமாக 60 லட்சம் பேர் பேசுகிறார்கள். தெற்கின் ‘பக் தாய்’, அதாவது தென்பக்கத்துப் பேச்சு (இந்தத் ‘தாய்’ நாட்டின் பெயரல்ல), பேசுவோர் ஏறக்குறைய ஐம்பது லட்சம். தாய்லாந்துக்குள் பேசப்படும் எல்லாமே தாய் வழக்கு ஆகிவிடாது. பட்டாணி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் கேட்பது மலாய். சுரின், புரிராம், சிசாகெட் பக்கம் கேட்பது கம்போடியாவின் மொழியான கெமர். இவை வேறு குடும்பங்கள். அதே சமயம் எல்லைக்கு வெளியேயும் உறவு உண்டு: லாவோஸின் லாவோ, மியன்மாரின் ஷான், அசாமில் காம்தி, பாகே மக்களின் பேச்சு. 1228-இல் அசாமுக்கு வந்து நாடாண்ட அகோம்களும் இந்தக் குடும்பத்தினர்தான், ஆனால் அவர்களுடைய அன்றாடப் பேச்சு பின்னாளில் அசாமியாக மாறிவிட்டது.

இனி ஒலிகள். தமிழ்க் காதுக்கு முதல் சிக்கல் ப-வில் வருகிறது. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப தொண்டை அதிர்வில்லாதது, இரண்டாம் ப அதிர்வுள்ளது. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. இடத்தைப் பொறுத்துத் தானாக மாறிக்கொள்ளும். தாய் மொழியில் இவை இரண்டு வெவ்வேறு மெய்கள். போதாததற்கு மூச்சு சேர்ந்த ப்ஹ மூன்றாவதாக நிற்கிறது. ‘பா’ என்றால் எறி, அதிர்வுள்ள ‘பா’ என்றால் தோள், ‘ப்ஹா’ என்றால் அழைத்துப் போ. ரோமன் எழுத்தில் இந்த ப்ஹ-வை எழுதும் முறை ஆங்கிலப் பழக்கத்தால் ‘ஃப’ என்று படிக்க வைக்கும். ஃபுக்கெட், ஃபீ ஃபீ தீவு என்றெல்லாம் தமிழில் எழுதுவது அதனால்தான். அந்தப் பெயர்களில் ஃப இல்லவே இல்லை. புக்கெட், பீ பீ என்பதே கிட்டத்தில் வரும்.

இரண்டாவது சிக்கல் சொல்லின் கடைசியில். க், த், ப் என்று முடியும் சொற்களில் நாக்கோ உதடோ மூடியதோடு சரி, திறக்காது. நாமோ வல்லின மெய்யை அப்படியே விடமாட்டோம்; ‘பேங்க்’ நம் வாயில் ‘பேங்க்கு’ ஆகிறது. இந்தக் கடைசி உகரம் தாய்க்காரர் காதில் தனி அசையாக விழும். அன்பு என்ற ‘ரக்’, ‘ரக்கு’ ஆனால் அவருக்குப் புரியாது. நமக்குச் சாதகமும் ஒன்று உண்டு. குறில் நெடில் வேறுபாடு அங்கே உயிர்நாடி. ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் அது. தமிழர் முதல் நாளே சரியாகச் சொல்லிவிடுவார்.

மூன்றாவதும் பெரியதுமான சிக்கல் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். பாங்காக் பேச்சில் தொனிகள் ஐந்து: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். எழுத்தில் தொனிக் குறிகள் நான்கு: ஏக், தோ, திரி, சத்தவா. ஏகம், துவி, திரி, சதுர் என்று எண்ணியது தெரிகிறது. ஆனால் குறி ஒன்றுக்கு ஒரு தொனி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரே ஏக் குறி, ஒரு மெய்யின் மேல் ஏறினால் தாழ்ந்த தொனி, இன்னொரு மெய்யின் மேல் ஏறினால் இறங்கும் தொனி. காரணம், 44 மெய்யெழுத்துகளும் மூன்று வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன: உயர் வகுப்பில் 11, நடு வகுப்பில் 9, தாழ் வகுப்பில் 24. இவற்றில் இரண்டு எழுத்துகள் இன்று வழக்கில் இல்லை. தொனியைத் தீர்மானிப்பது வகுப்பும் குறியும் சேர்ந்து.

‘க்ஹா’ என்ற ஒரே ஒலியை எடுத்துக்கொள்வோம். இதற்கு உயர் வகுப்பில் ஓர் எழுத்து, தாழ் வகுப்பில் ஓர் எழுத்து. குறியில்லாமல் உயர் எழுத்தில் எழுதினால் கால், ஏறும் தொனி. தாழ் எழுத்தில் எழுதினால் சிக்கி நிற்பது, சம தொனி. ஏக் குறி போட்டால் உயர் எழுத்தில் பேரரத்தை, தாழ்ந்த தொனி. தாழ் எழுத்தில் விலைமதிப்பு, இறங்கும் தொனி. தோ குறி போட்டால் உயர் எழுத்தில் அடிமை, இறங்கும் தொனி; தாழ் எழுத்தில் வணிகம், உயர்ந்த தொனி. தாய் உணவகத்தில் ‘தொம் க்ஹா’ என்ற தேங்காய்ப்பால் ரசம் கேட்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னால் பேரரத்தை போட்டது வரும். கேள்வி கேட்பது போல் ஏற்றிச் சொன்னால் அது கால்.

இந்தச் சிடுக்கு வீம்புக்கு வந்ததல்ல. ஆதியில் மொழியில் மூன்று தொனிகள்தான் இருந்தன: குறியில்லாதது, ஏக், தோ. உயர் எழுத்து க்ஹ என்றும், தாழ் எழுத்து, ‘மங்கை’யில் வருகிற அதிர்வுள்ள க என்றும் தனித்தனியாக ஒலித்தன. தொண்டை அதிரும் மெய்க்குப் பின்னால் வரும் உயிரின் சுருதி இயல்பாகவே சற்றுத் தாழும். பிறகு அந்த அதிர்வு மறைந்தது. இரண்டு எழுத்தும் க்ஹ ஆயின. ஆனால் அதிர்வு விட்டுப்போன சுருதி வேறுபாடு தங்கிவிட்டது. அதுவரை மெய்யில் இருந்த வேறுபாடு உயிரின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூன்று தொனி ஆறாகப் பிரிந்து, பாங்காக்கில் அடிமையும் விலைமதிப்பும் ஒரே தொனியில் வந்து சேர, மிஞ்சியது ஐந்து. திரி, சத்தவா குறிகள் பின்னாளில் வந்தவை; நடு வகுப்பு எழுத்துகளின் மேல் மட்டுமே வரும். பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த சொற்களுக்கே அவை உதவுகின்றன: மேசை என்ற ‘தொ’வுக்குத் திரி, நூடுல்ஸ் என்ற ‘குவாய்தியாவ்’க்குச் சத்தவா இரண்டு தடவை.

இந்தப் பிரிவு ஊருக்கு ஊர் வேறு இடத்தில் கோடு போட்டது. வழக்குகளைப் பிரித்தறியும் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் கெட்னி 1972-இல் இதற்கு இருபது கட்டங்கள் கொண்ட ஒரு சோதனைப் பெட்டியை வகுத்துக் கொடுத்தார். முழுப் பெட்டி வேண்டாம், நான்கு சொல் போதும்: ‘ஹூ’ காது, ‘தா’ கண், அதிர்வுள்ள த-வில் ‘தீ’ நல்லது, ‘நா’ வயல். நான்கும் ஆதியில் ஒரே தொனி. ஊர்க்காரர் ஒருவரை நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். காது மட்டும் ஏறி, மற்ற மூன்றும் சமமாக நின்றால் அவர் மத்திய தாய்லாந்துக்காரர். காதும் கண்ணும் ஏறி, நல்லதும் வயலும் சமமாக நின்றால் சியாங் மாய். காது ஒரு தொனி, கண்ணும் நல்லதும் இன்னொன்று, வயல் மூன்றாவது என்று மூன்றாகப் பிரிந்தால் அவர் தெற்கத்தியார், அல்லது ஈசானில் பல ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அந்த இருவரில் யார் என்பதைத் தொனியின் வடிவமும் மெய்களும் சொல்லிவிடும். இதில் ஒரு தவறு சுலபமாக நேரும். நாம் கேள்வி கேட்டால் அவர் மரியாதைக்காகப் பாங்காக் உச்சரிப்புக்கு மாறிவிடுவார். சொல்லைப் படிக்கச் சொன்னாலும் அதுவே நடக்கும், ஏனென்றால் படிப்பது பள்ளிக்கூடப் பழக்கம். காதைத் தொட்டுக்காட்டி, கண்ணைத் தொட்டுக்காட்டி, ‘உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்’ என்று கேட்டால்தான் உண்மையான ஒலி வரும்.

வடக்கின் மெய்களுக்கு வருவோம். பழைய அதிர்வொலிகள் பாங்காக்கில் மூச்சோடு மாறின. சியாங் மாயில் மூச்சில்லாமல் மாறின. அப்பா பாங்காக்கில் ‘ப்ஹோ’, வடக்கே ‘போ’. சியாங் மாய்க் கோட்டையின் கிழக்கு வாசலைப் பயணிகள் ‘த்ஹா ப்ஹே’ என்று படிக்கிறார்கள். தெப்பத்துறை என்று பொருள். உள்ளூர்க்காரர் வாயில் அது ‘தா பே’. ஊர்ப் பெயரே அவர்களுக்கு ‘ச்சியாங் மாய்’தான். இந்த விதி தாழ் வகுப்பு எழுத்துகளுக்கு மட்டும். உயர் வகுப்பில் எழுதிய காலுக்கு, அதாவது ‘க்ஹா’வுக்கு, வடக்கிலும் மூச்சு உண்டு. பாங்காக்கில் ஒரே மாதிரி ஒலிக்கும் அடிமையும் விலைமதிப்பும் வடக்கே ஒன்று ‘க்ஹா’, மற்றது ‘கா’, தொனியும் வேறு. வடக்குத் தொனிகள் ஆறு. பாங்காக்கில் அழிந்துபோன ஒரு வேறுபாடு கொச்சை எனப்பட்ட வழக்கில் பத்திரமாக இருக்கிறது.

வடக்கில் மூச்சு வேறு வழியிலும் வரும். க்ர, ப்ர என்ற கூட்டுமெய்யில் ர விழுந்து, அதற்குப் பதில் மூச்சு ஏறும். அதனால் பிரதேசம் என்ற வடசொல்லில் ஒரு வேடிக்கை. பாங்காக்கில் அது ‘ப்ரத்ஹேத்’: முதல் மெய்யில் மூச்சில்லை, இரண்டாவதில் உண்டு. வடக்கே ‘ப்ஹதேத்’: முதலில் உண்டு, இரண்டாவதில் இல்லை. இருவரும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். பெண்கள் பேச்சின் முடிவில் பாங்காக்கில் ‘க்ஹ’ என்று மரியாதைச் சொல் சேர்ப்பார்கள். வடக்கே அது ‘ச்சாவ்’. உணவு நன்றாக இருந்தால் ‘லம்’. பேசுவது ‘ஊ’.

ஈசானும் வடக்கும் ஒன்றுபடும் இடம் ர. பழைய ர இரண்டிலும் ஹ ஆகிவிட்டது. அன்பு என்ற ‘ரக்’ இங்கே ‘ஹக்’, வீடு என்ற ‘ருவான்’ இங்கே ‘ஹுவான்’, பள்ளிக்கூடம் என்ற ‘ரோங்ரியான்’ இங்கே ‘ஹோங்ஹியான்’. ஆனால் வடமொழியிலிருந்து வந்த ர இப்படி மாறாது, ல ஆகும். ரதம் என்பதிலிருந்து வந்த ‘ரொத்’, இன்று எல்லா வண்டிக்கும் பொதுப்பெயர். அது ஈசானில் ‘லொத்’. ஒரு சொல் வீட்டுச் சொல்லா, வெளியிலிருந்து வந்ததா என்பதை ஹ-வும் ல-வும் காட்டிக் கொடுக்கின்றன. வடக்கு போல ஈசான் ப்ஹ, த்ஹ, க்ஹ-வை மாற்றுவதில்லை. அப்பா அங்கே ‘ப்ஹோ’தான். ச்ஹ மட்டும் ஸ ஆகும், யானை ‘ஸாங்’ ஆனது அப்படித்தான். சொற்களிலும் தூரம் அதிகம். இல்லை என்பதற்குப் பாங்காக்கில் ‘மாய்’, இங்கே அதிர்வுள்ள ப-வில் ‘போ’. என்ன என்பதற்கு அங்கே ‘அராய்’, இங்கே ‘யாங்’. பரவாயில்லை என்பது அங்கே ‘மாய் பென் ராய்’, இங்கே ‘போ பென் யாங்’. இந்த இரண்டு வாக்கியமும் சொல்லுக்குச் சொல் ஒரே அச்சு.

கொய்யாப்பழம் வாங்கப் போனால் நான்கு வட்டாரமும் தெரிந்துவிடும். பாங்காக்கில் அதற்கு ‘ஃபராங்’. வெள்ளைக்காரருக்கும் அதே சொல். நம் பரங்கியும் பரங்கிக்காயும் போலத்தான்: கப்பலில் வந்தவனின் பெயர் கப்பலில் வந்த காய்க்கும் ஒட்டிக்கொண்டது, சொல்லின் வேரும் ஒன்றே. ஈசானில் கொய்யா ‘மாக் சீதா’. மாக் என்றால் காய், சீதா இராமாயணச் சீதையின் பெயர். நாம் சீதாப்பழம் என்பது வேறு பழம்; அதை வைத்துக் கேட்டால் கொய்யாதான் கையில் வரும். வடக்கே ‘ப குவாய் கா’. தெற்கே பல ஊர்களில் ‘ச்ஹொம்ப்ஹூ’, ஜம்பு என்ற சொல்லிலிருந்து. பாங்காக்கிலும் இந்தச் சொல் உண்டு, ஆனால் அங்கே அது இலங்கையில் ஜம்பு என்று விற்கும் பழத்தைக் குறிக்கும். காய்ப் பெயருக்கு முன்னால் பாங்காக்கில் ‘ம’, ஈசானில் ‘மாக்’, வடக்கே ‘ப’, தெற்கே பெரும்பாலும் எதுவுமில்லை.

தெற்கத்தியாருக்கு முதல் அசை ஒரு சுமை. உணவு ருசியாக இருந்தால் பாங்காக்கில் ‘அரோய்’, தெற்கே ‘ரோய்’. சந்தை ‘தலாத்’, தெற்கே ‘லாத்’. தேங்காய் ‘மப்ஹ்ராவ்’, தெற்கே ‘ப்ஹ்ராவ்’. சாலை ‘த்ஹனொன்’, தெற்கே ‘நொன்’. பலகாரம் ‘க்ஹனொம்’, தெற்கே ‘நொம்’. நக்கோன் சி தம்மராட், நகர ஸ்ரீ தர்மராஜம் என்ற அவ்வளவு பெரிய பெயர், வீட்டில் ‘க்ஹோன்’ ஆகிவிடும். வேகமாகப் பேசுவதால் வெட்டுகிறார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது: வெட்டுவதால்தான் வேகமாகக் கேட்கிறது. தொனிகள் அங்கே ஏழு வரை போகும். ஆகவே ஓரசை போனாலும் மீதிச் சொல் குழம்புவதில்லை. ர-வையும் கூட்டுமெய்களையும் தெற்கு பாங்காக்கைவிட ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தெற்கத்தியார் பாங்காக் பேச்சைத் தம் ராகத்தில் பேசினால் அதற்கு ‘த்ஹோங் தேங்’ பேசுவது என்று பெயர். செம்பு என்று பொருள், தங்கம் இல்லையாம்.

இனி வடமொழிச் சொற்கள். தமிழ் வாசகர் தாய்ப் பெயர்ப்பலகைகளைப் பாதி புரிந்துகொள்ளவும் பாதி ஏமாறவும் இவையே காரணம். இந்தியாவில் க வரிசையில் நான்கு ஒலி. தாய் எழுத்து அந்த நான்கையும் எடுத்துக்கொண்டது, ஒலிகளோ இடம் மாறின. பழைய அதிர்வொலிகள் மூச்சொலி ஆயின: பூமி ‘ப்ஹூம்’, தேவ ‘த்ஹேப்’, குரு ‘க்ஹ்ரூ’. அதிர்வில்லாத த-வும் ப-வும் அதிர்வுள்ளவையாக ஆயின: நட்சத்திரம் என்ற தாரா, அதிர்வுள்ள த-வில் ‘தாரா’, புரி, அதிர்வுள்ள ப-வில் ‘புரி’. இதோடு இன்னும் இரண்டு விதி. மூடிய அசையில் எழுதாமல் விட்ட அகரம் ஒகரமாக ஒலிக்கும். அசையின் கடைசியில் ல, ர வந்தால் ன் ஆகும். ஜ, ச வந்தால் த் ஆகும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் வரைபடம் திறந்துகொள்ளும். நகர, ‘நக்ஹோன்’. தனபுரி, ‘த்ஹொன்புரி’. ஜலபுரி, ‘ச்ஹொன்புரி’. ராஜபுரி, ‘ராத்ச்ஹபுரி’. முன்னாள் மன்னரின் பெயர் பூமிபல அதுல்யதேஜ. எழுத்தில் அப்படியே இருக்கிறது. ஒலிப்பது ‘ப்ஹூமிப்ஹொன் அதுன்யதேத்’. பாங்காக் விமான நிலையம் எழுத்தில் சுவர்ணபூமி, அறிவிப்பில் ‘சுவன்னப்ஹூம்’. கடைசி இகரம் எழுதப்படும், ஒலிக்காது. டாக்சிக்காரரிடம் சுவர்ணபூமி என்று திருத்தமாகச் சொன்னால் அவர் விழிப்பார்.

தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்தும், கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்தும் வந்தவை. 1283-இல் ராம்கம்ஹெங் மன்னர் எழுத்தை வகுத்ததாக 1292-ஆம் ஆண்டின் சுக்கோதைக் கல்வெட்டு சொல்கிறது. 1833-இல் கிடைத்த அந்தக் கல்லே பிற்காலத்தது என்று வாதிடுவோரும் உண்டு. தமிழ்த் தொடர்புக்கு வேறு கல் இருக்கிறது: தெற்கே தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைப் பேசுகிறது. அரண்மனைப் பிராமணர்களின் மார்கழி விழாவுக்கு ‘த்ரீயம்பவாய் த்ரீபவாய்’ என்று பெயர், திருவெம்பாவை, திருப்பாவை. புரியில் போல ப இங்கே அதிர்வுள்ளதாக மாறவில்லை, அதிர்வில்லாத ப ஆகவே எழுதுகிறார்கள்.

நான்கு வழக்கில் ஒன்று ‘மொழி’ ஆனதும் மற்றவை ‘வழக்கு’ ஆனதும் அரசு செய்த வேலை. 1921-இல் கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளியில் கற்பித்தது மத்திய தாய். பிரதமர் பிபுன் சொங்கிராமின் ஆட்சியில் 1939 ஜூன் 24-இல் சயாம் தாய்லாந்து ஆனது. அதே ஆகஸ்டில் வந்த ஆணை, வடக்குத் தாய், ஈசான் தாய், தெற்குத் தாய் என்று பிரித்துச் சொல்வதை நிறுத்தி எல்லாரும் வெறும் ‘தாய்’ என்றே சொல்லிக்கொள்ள வேண்டும் என்றது. இன்று நாடெங்கும் சொல்லும் ‘சவத்தீ’ வணக்கமும் ஊரில் விளைந்ததல்ல. 1930-களில் பாங்காக்கின் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் பிரயா உபகித் சில்பசான் உண்டாக்கி, 1943-இல் அரசு ஏற்றுக்கொண்ட சொல். 1942-இல் பிபுன் எழுத்திலும் கை வைத்தார். 13 மெய்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடசொற்களுக்கு மட்டும் பயன்பட்டவை. 1944-இல் அவர் பதவி இழந்ததும் பழைய எழுத்து திரும்பி வந்தது. அந்தச் சீர்திருத்தம்கூட உயர், நடு, தாழ் வகுப்பு அமைப்பைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தொனியைக் காட்ட வேறு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பாங்காக் பேச்சும் அசையாமல் நிற்கவில்லை. வண்டி ‘ரொத்’ தெருவில் ‘லொத்’ ஆகிறது. மீன் ‘ப்லா’வில் ல விழுந்து ‘பா’. ஆண்களின் மரியாதைச் சொல் ‘க்ஹ்ரப்’, ‘க்ஹப்’. செய்தி வாசிப்பாளர் மட்டும் ர-வை உருட்டுவார். பயந்துபோய் ல இருக்கும் இடத்திலும் ர சொல்பவர்கள் உண்டு. இணையத்தில் மிக அதிகமாகக் கேலி செய்யப்படும் எழுத்துப்பிழை பெண்களின் ‘க்ஹ’. கேள்விக்கும் ‘ந க்ஹ’ என்ற கொஞ்சலுக்கும் உயர்ந்த தொனி. குறில் அசை, தாழ் வகுப்பு எழுத்து, ஆகவே குறியே வேண்டாம். சாதாரணப் பதிலுக்கு இறங்கும் தொனி, ஏக் குறி வேண்டும். பலர் ‘ந க்ஹ’விலும் ஏக் குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

வழக்குகளைப் பாங்காக் எழுத்தில் எழுதும்போது குழப்பம் இன்னொரு சுற்று வரும். சாப்பிடு என்பது எங்கும் ‘கின்’. பாங்காக்கில் சம தொனி, வடக்கே ஏறும் தொனி. சியாங் மாய்க் கடைப்பலகையில் இதை எப்படி எழுதுவது? வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே விட்டால் உள்ளூர்க்காரர் தானாக ஏற்றிப் படிப்பார். வெளியூர்க்காரர் பாங்காக் தொனியில் படிப்பார். சத்தவா குறி போட்டால் எல்லாரும் ஏற்றிப் படிப்பார்கள், ஆனால் அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்காது. பாடல் வரிகளிலும் சமூக ஊடகத்திலும் இரண்டு முறையும் கலந்து கிடக்கின்றன. ஈசான் பாட்டு ஒன்றைத் தேடுகிறவர் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வடக்குக்குச் சொந்த எழுத்து இருந்தது. கோயில் ஓலைகளில் இருக்கும் அந்த லன்னா எழுத்து 2009-இல் யூனிகோடிலும் சேர்ந்தது. மெய்யின் கீழ் மெய், அதன் கீழ் உயிர் என்று அடுக்கடுக்காகத் தொங்கும் எழுத்து அது. பல கைபேசிகளில் சரியான எழுத்துரு இல்லாததால் அடுக்கு கலைந்து, புள்ளி வட்டங்களாகத் தெரிகிறது. அதனால் சியாங் மாய் இளைஞர்கள் ‘கின்’னைப் பாங்காக் எழுத்தில் எழுதி, தலையில் ஒரு சத்தவா வைத்து அனுப்புகிறார்கள்.